ஆசியாவின் தங்கக் குரலும் ஒரு பஸ் ஹாரனும்

சென்னைத் துறைமுகத்தில் என் சாமான்கள் எதுவும் சுங்க அதிகாரியின் மனதைத் தொடவில்லை. நைலான் சேலைகளை ஒரு விரலால் ஒதுக்கினார். பிஸ்கட் டின்களைத் தட்டிப் பார்த்தார். தைலப் புட்டியை மோந்து பார்த்துத் தும்மினார். கடைசியாக அந்தக் கறுப்புப் பெட்டியைத் திறந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். உள்ளே ஒரு டிரம்பெட் இருந்தது. படிவத்தில் நான் 'சொந்த உபயோகத்துக்கு' என்று எழுதியிருந்தேன்.

"சொந்த உபயோகமா? எங்க, வாசிச்சுக் காட்டுங்க."

நான் ரேடியோ ரிப்பேர்க்காரன். மற்றவர்கள் பாடுவதை வெளியே கொண்டுவருவதோடு என் சங்கீத சேவை முடிந்துவிடும். இருந்தாலும் அரசாங்கம் கேட்கிறதே என்று கன்னம் இரண்டும் உப்ப ஊதினேன். தாயைத் தொலைத்த கன்றுக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. வரிசையில் நின்ற ஒரு அம்மாள் குழந்தையின் காதைப் பொத்தினார். அதிகாரி அவசரமாகப் பெட்டியின் மேல் சாக்கட்டியால் கோடு போட்டு, "போங்க, போங்க" என்றார். தாய்நாட்டில் என் முதல் கச்சேரி இப்படி இனிதே முடிந்தது.

நான் பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டு ராவுத்தர் குடும்பத்துப் பிள்ளை. பதினாறு வருடமாகப் பினாங்கில் ரேடியோக்கடை வைத்திருக்கிறேன். எழுபத்து நாலில், அக்கா மகள் நிக்காஹுக்காக ஊர் வந்தேன். டிரம்பெட் என்னுடையதல்ல. என் கடைக்கு எதிர்வீட்டில் இருக்கும் ரோஸி டீச்சர் கொடுத்தனுப்பியது. சரியாகச் சொன்னால், அவரை ஐந்து வயதில் விட்டுவிட்டுப் போன அவருடைய அப்பாவின் சொத்து.

அப்பாவின் பெயர் ஜிம்மி டைமண்ட். மூணாறு மலையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். மாதா கோயில் பேண்டில் ஊதக் கற்று, ஒரு சர்க்கஸ் கம்பெனியோடு ஓடிப்போய், கொழும்பில் சர்க்கஸ் படுத்துவிட்டதும் பினாங்குக்குக் கப்பல் ஏறியிருக்கிறார். உலகச் சண்டைக்கு முந்திய வருடங்களில் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் சனிக்கிழமைதோறும் அவர் ராஜ்ஜியம். ஜாஸ் இசையில் ஆட்டத்துக்கென்றே உண்டான ஸ்விங் வகைப் பாட்டுகளைப் பாடுவார். பாதிப் பாட்டில் டிரம்பெட்டை எடுத்து ஊதுவார். துரைமார்களும் துரைசானிகளும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள். ஹோட்டல்காரன் அச்சடித்த நோட்டீஸில் 'ஆசியாவின் தங்கக் குரல்' என்று போட்டிருந்தது. ஆசியாவைக் கேட்டுவிட்டுத்தான் போட்டானா என்பது எனக்குத் தெரியாது.

பேண்டுக்காரர்களுக்கு வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுத்த மேரியம்மாளைக் கல்யாணம் செய்துகொண்டார். ரிஜிஸ்டரில்கூட மேடைப் பெயரைத்தான் எழுதினாராம். பிறகு ஜப்பான்காரன் வந்தான், ஆட்டம் நின்றது. சண்டை முடிந்த மறுவருடம், "ஆறு மாசத்தில் வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு ஊருக்குக் கப்பல் ஏறினார். டிரம்பெட்டை வைத்துவிட்டுப் போனதால் நிச்சயம் வருவார் என்று மேரியம்மாள் நம்பினார். 'ஜிம்மி டைமண்ட், மூணாறு' என்று விலாசமிட்டு அவர் எழுதிய கடிதங்கள் எல்லாம் 'அப்படி ஒருவர் இல்லை' என்ற குறிப்போடு திரும்பி வந்தன. கட்டிய புருஷனின் சொந்தப் பெயர் அந்த அம்மாளுக்குத் தெரியாது.

"தாளத்துக்கு ஒரு அடி பிந்தித்தான் பாடுவாரு. மறந்தே போயிட்டாருன்னு நினைக்கிற நேரத்துல வந்து சேருவாரு" என்று மேரியம்மாள் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லிச் சொல்லியே இருபத்தேழு வருடம் புருஷன் படத்தைச் சுவரிலிருந்து இறக்காமல் இருந்தார். போன வருடம் இறந்துபோனார்.

நான் புறப்படும்போது ரோஸி டீச்சர் பெட்டியோடு கடைக்கு வந்தார். "வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போறேன் பாய். எல்லாப் படத்தையும் இறக்கியாச்சு. அவர் படத்தைத் திரும்ப மாட்டுறதா வேண்டாமான்னு எனக்குத் தெரியணும். அந்த ஆள் உயிரோட இருந்தா ஒரே ஒரு கேள்வி கேளுங்க. என் பேரு என்னன்னு கேளுங்க. சொன்னா பெட்டியைக் குடுத்துருங்க. சொல்லலைன்னா திரும்பி வரும்போது கடல்ல போட்டுருங்க."

பொண்டாட்டி பிள்ளையை விட்டு ஓடிப்போனவனைத் தேடிப்போய்ப் பரீட்சை வைக்கும் வேலை என்றதும் எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. நிச்சயம் தோற்றுப்போவான் என்று நினைத்தேன். ஒப்புக்கொண்டேன்.

கொல்லங்கோட்டில் கறுப்புப் பெட்டி எனக்கு முன்பே புகழடைந்திருந்தது. அதற்குள் டேப் ரிக்கார்டர் இருப்பதாகத் தெரு முழுக்க முடிவு செய்துவிட்டார்கள். மச்சான் அதை என் கையிலிருந்து வாங்கித் தானே சுமந்து உள்ளே போனார். அக்காவைக் கட்டிய இருபத்திரண்டு வருடத்தில் அவர் என் சாமானைத் தூக்கியது அதுதான் முதல் தடவை. திறந்து பார்த்ததும் முகம் தொங்கிவிட்டது.

"ஏன் மாப்ள, இந்தப் பீப்பியக் கடல் தாண்டித்தான் கொண்டாரோணுமா? பெருமாட்டிப் பேண்டு செட்டுக்காரன் ஊட்டுல இதுமாதிரி நாலு தொங்குது."

பக்கத்து ஊரான அந்தப் பெருமாட்டியிலிருந்து கல்யாணத்துக்குத் தேங்காய் கொண்டுவந்த வேலுச்சாமி என்ற விவசாயி மட்டும் மனம் தளரவில்லை. "ஏனுங்க பாய், ஒருக்கா ஊதிக் காட்டுங்களே. எங்கூட்டு எருமை ரேடியோ வெச்சாத்தானுங்க பால் தரும். இதுக்கு இன்னும் ரெண்டு படி சேத்திக் குடுத்தாலும் குடுக்குமுங்க" என்றார். சுங்க அதிகாரியை நினைத்துக்கொண்டு, எருமையின் நன்மைக்காக மறுத்துவிட்டேன்.

பினாங்கில் ரொட்டி சானாய் என்ற பரோட்டாவைக் கிழித்துத் தின்றுகொண்டு பதினாறு வருடம் கனவு கண்டது எங்கள் வீட்டுக் கல்யாண பிரியாணியைத்தான். நாலு பேர் சம்மணமிட்டு ஒரே தாம்பாளத்தில் கைவிட்டுச் சாப்பிடுவோம். நிக்காஹ் அன்று என்னை 'சீமைக்காரர்' என்று கௌரவித்து, தனி மேசை போட்டு, கரண்டியும் முள்ளும் கொடுத்து உட்கார வைத்தார்கள். தாம்பாளத்தைச் சுற்றி அமர்ந்த அத்தனை பேரும் எனக்கு முன்னால் நல்லி எலும்பை உறிஞ்சினார்கள். நான் முள்ளால் ஒரு முந்திரிப்பருப்பைத் துரத்திக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் மூணாறுக்குப் புறப்பட்டேன். மலை ஏறும் பஸ்ஸில் எனக்குப் பின்னால் இரண்டு மலையாள வாத்தியார்கள் என் பெட்டியைப் பற்றி ஆராய்ச்சி செய்தார்கள். அதைத் தமிழில் தருகிறேன்.

"துப்பாக்கியாக இருக்குமோ?"

"இந்த மூஞ்சிக்குத் துப்பாக்கியா? தையல் மிஷின் விற்கிற ஆள்."

எனக்கு மலையாளம் தெரியாது என்ற நம்பிக்கையில் மூக்கு, தொப்பை, நடை என்று வரிசையாக மேலே போனார்கள். பாலக்காட்டுக்காரனுக்கு மலையாளம் தெரியாமல் இருக்குமா? நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன்.

பாதி மலையில் மூடுபனி இறங்கியது. அடுத்த வளைவில் பஸ்ஸின் ரப்பர் ஹாரன் கிழிந்துபோனது. டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார். பனியில் ஹாரன் இல்லாமல் கொண்டையூசி வளைவில் திரும்பினால் எதிரே வரும் லாரிக்காரன் நேரே மடியில் வந்து உட்காருவான் என்றார். கண்டக்டர் பயணிகளைப் பார்த்தார். பயணிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் என் பெட்டியைப் பார்த்தார்கள்.

அன்று பதினேழு வளைவுகளுக்கு ஊதினேன். டிரைவர் பக்கத்தில் நின்று, ஜன்னலுக்கு வெளியே டிரம்பெட்டை நீட்டி, கண்டக்டர் "ஊதிக்கோ!" என்று சொல்லும்போதெல்லாம் ஊதினேன். டிரம்பெட்டின் மூன்று பொத்தான்களும் துருவேறி இறுகிக் கிடந்ததால் ஒரே சத்தம்தான் வரும். ஒரு பஸ்ஸுக்கு அது போதும். எட்டாவது வளைவில் உதடு வீங்கிவிட்டது. "இந்தச் சத்தத்தைக் கேட்டால் யானையே ஒதுங்கிவிடும்" என்று வாத்தியார்களில் ஒருவர் மனதாரப் பாராட்டினார். ஆசியாவின் தங்கக் குரல் ஊதிய கருவி இந்த நிலைக்கு வந்ததில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் இருந்ததை மறைப்பானேன்?

மூணாறில் குடித்த தேநீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. கடையில் கொடுத்தது மரத்தூளைக் கழுவிய தண்ணீர். நல்ல தூளெல்லாம் கப்பல் ஏறிவிடும், மூணாறுத் தேநீர் குடிக்கப் பினாங்குக்குத்தான் போக வேண்டும் என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் என் வீங்கிய உதட்டைப் பார்த்துவிட்டு, சூடாக இருந்ததோ என்று விசாரித்தார்.

தபாலாபீஸில் ஜிம்மி டைமண்ட் என்ற பெயரைச் சொன்னதும் குமாஸ்தா சிரித்தார். "சாரே, இவிடெ முத்துசாமி உண்டு, மாடசாமி உண்டு. டைமண்ட் இல்லா." இரண்டு நாள் கடை கடையாகக் கேட்டேன். தோட்டத்து ஆபீஸ்களிலும் கேட்டேன். மூன்றாம் நாள் காலை திரும்பிப் போய்விடலாம் என்று, கொஞ்சம் திருப்தியோடே, புட்டும் கடலையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரே ஒருவர் வந்து உட்கார்ந்தார். எஸ்டேட் ஜீப் டிரைவராம். பெயர் இசக்கி.

"பஸ்ஸுக்குப் பீப்பி ஊதுன பாயி நீங்கதான? ஊரே சொல்லிச் சிரிக்கி. யாரத் தேடுதிய?"

அந்தக் காலத்தில் கப்பலேறிப் போன பாட்டுக்காரர், பீப்பி ஊதுகிறவர், பாட்டில் தாளத்துக்குப் பிந்தி வருகிறவர் என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். கடைசி விஷயத்தைக் கேட்டதும் இசக்கி தேநீரைக் கீழே வைத்தார்.

"பிந்தியா? அப்ப அது நம்ம பேரு கூப்பிடுத சவரிமுத்து தாத்தாவாத்தான் இருக்கும். ஏறுங்க வண்டியில."

ஜீப் பாதையைச் சாலை என்று சொன்னால் சாலைகள் கோபித்துக்கொள்ளும். என் எலும்புகள் எல்லாம் இடம் மாறி அமர்ந்த பிறகு, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் லயத்தின் முன்னால் இறங்கினேன். கம்பளிக் குல்லாய் போட்ட ஒரு கிழவர் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். படத்தில் பார்த்த வெள்ளைக் கோட்டையும் எண்ணெய் வழித்துச் சீவிய தலையையும் அவர்மேல் பொருத்திப் பார்த்தேன். பொருந்தவில்லை.

"பினாங்கிலிருந்து வர்றேன். ஜிம்மி டைமண்ட் நீங்கதானா?"

கீரையை ஆய்ந்த கை நின்றது. "அவன் செத்துட்டான்" என்றார். வாயைத் திறந்து காட்டினார். மேல்வரிசையில் முன்பல் நாலு இல்லை. "இந்தா, இங்கனதான் செத்தான். ஜப்பான்காரன் ஒரு அடி அடிச்சான். முன்பல்லு இல்லாம டிரம்பெட் ஊத முடியாது தம்பி, உதட்டைத் தாங்க ஆள் கிடையாது. பல்லு கட்டிக்கிட்டுத் திரும்பிப் போயிருவோம்னுதான் கப்பலேறுனேன். கட்டுன பல்லு, ஊதுனா கழண்டு விழுது."

"பாடியிருக்கலாமே. அதுக்குப் பல் எதுக்கு?"

"ஊதாதவன ஹோட்டல்காரன் பாடக் கூப்பிடல. பொண்டாட்டி கோட்டு தச்சு ஊத்துத கஞ்சியக் குடிச்சிக்கிட்டு, பெரிய டைமண்டுன்னு திரியச் சொல்லுதியா?"

நாலு பல்லுக்காக இரண்டு பேரை விட்டுவிட்டு வந்த கணக்கு எனக்கு விளங்கவில்லை. ஆத்திரமாக வந்தது. மேரியம்மாள் போன வருடம் இறந்துவிட்டதை நேராகவே சொல்லிவிட்டேன். அவர் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"உங்க மகள் பேர் என்ன?"

"எனக்கு மக கிடையாது" என்றார்.

பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். நினைத்தது நினைத்தபடியே நடந்துவிட்டது. பரீட்சை முடிந்தது, ஆள் ஃபெயில். ஆனால் மலை இறங்க அன்று வண்டி இல்லை. லயத்துக் கங்காணி செல்லையா தம் வீட்டில் தங்கச் சொன்னார். கருவாட்டுக் குழம்பு ஊற்றினார். கிழவரின் உத்தியோகத்தைப் பற்றி அவர்தான் சொன்னார்.

தினமும் காலையில் தொழிலாளர் கூடும் இடத்துக்குப் பெரட்டுக்களம் என்று பெயர். செக்ரோல் எனப்படும் பேரேட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட வேண்டும். இருப்பவர்கள் "வந்தாச்சு" என்பார்கள். சவரிமுத்துவுக்கு வயது முடிந்துவிட்டதென்று ஆபீஸில் நிறுத்திவிட்டு, படித்த கிளார்க் ஒருவரை நியமித்தார்களாம். அவர் மைக் குழாயைப் பிடித்துக்கொண்டு ரயில் வரும் அறிவிப்பு மாதிரிப் படித்திருக்கிறார். பெண்கள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள், "தாத்தா கூப்பிட்டாத்தான் கை கொழுந்துக்குப் போகும்" என்று களத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். தோட்டத்துத் துரையே இறங்கி வந்து கிழவரைத் திரும்ப அழைத்தாராம்.

"ஆளு வராட்டி என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"பக்கத்து வீட்டுக்காரி சொல்லணும்லா. வரல, காய்ச்சல், வரல, பேறுகாலம். ஏதாச்சும் ஒண்ணு. அப்படிச் சொன்னா ஆப்சென்ட் போட்டு பேரை வச்சிருப்பாவ. கேக்க நாதியத்த பேர ஆபீசுல அடிச்சிருவாவ" என்றார் செல்லையா.

காலையில் அவரோடு களத்துக்குப் போனேன், ஜீப்புக்குக் காத்திருக்க வேறு இடம் இல்லாததால். பெண்கள் கூடையை முதுகில் மாட்டி வரிசையாக நின்றார்கள். சவரிமுத்து ஒரு கல்லின் மேல் ஏறினார். பென்சிலால் செக்ரோல் அட்டையைத் தட்ட ஆரம்பித்தார். நாலு தட்டு தட்டினார். பெயர் வரவில்லை. மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். ஐந்தாவது தட்டைத் தாண்டவிட்டு, அது போன பிறகு, அவசரமே இல்லாமல் குரல் வந்தது.

"முத்...தம்மா!"

"வந்தாச்சு!"

"மாடத்...தி!"

"வந்தாச்சு!"

ஒவ்வொரு பெயரும் வேறு மாதிரி வந்தது. ஒன்றை இழுத்தார், ஒன்றை உடைத்தார், ஒன்றைத் தொண்டைக்குள் வைத்திருந்து விட்டார். பெண்கள் கால்மாற்றி அசைந்துகொண்டே, பின்பாட்டுக்காரர்களைப் போலப் பதில் கொடுத்தார்கள். பல்லில்லாத வாயிலிருந்து அந்தக் குரல் வந்ததை நான் நம்ப வேண்டியிருந்தது. ரேடியோக்கடையில் எத்தனையோ பெரிய பாட்டுக்காரர்களைக் கேட்டிருக்கிறேன். இப்படி ஒருவரைக் கேட்டதில்லை. ஹோட்டல்காரன் நோட்டீஸில் பொய் எழுதவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எல்லாப் பெயரும் முடிந்தது. பெண்கள் நகரவில்லை. கிழவர் மறுபடி நாலு தட்டு தட்டினார்.

"ரோ...ஸி!"

யாரும் பதில் சொல்லவில்லை. பென்சில் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மாள் மெல்லச் சொன்னார்: "அது செக்ரோல்ல இல்லாத பேருய்யா. நான் வயசுக்கு வந்து வேலைக்கு நின்ன நாள்லருந்து தெனமும் கூப்பிடுதாரு. யாருன்னு கேட்டா சொல்ல மாட்டாரு. செத்த பிள்ளையா இருக்கும்னு நாங்களும் வாயத் தெறக்க மாட்டோம்."

பதினாறு வருடமாகச் சீமைக்காரனாக அடக்கி வைத்திருந்த கொல்லங்கோட்டுப் பேச்சு என்னையும் மீறி வெளியே வந்தது.

"வரலீங்க!" என்று கத்தினேன். "அந்தப் புள்ள பினாங்குல இருக்குதுங்க. ஊட்டுக்கு வெள்ளையடிக்குதுங்க!"

பென்சில் நின்றது. அத்தனை கூடைகளும் என் பக்கம் திரும்பின. கிழவர் என்னைப் பார்த்தபடியே நின்றார். பிறகு செக்ரோலைப் பிரித்து, கடைசிப் பக்கத்தின் அடியில் எதையோ எழுதினார். கங்காணி எட்டிப் பார்த்துவிட்டு, "ஆப்சென்ட் போட்டிருக்காரு" என்று எனக்குச் சொன்னார்.

பெண்கள் மலை ஏறிய பிறகு பெட்டியை அவர் முன்னால் வைத்தேன். "நேத்து ஏன் மகள் இல்லேன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"மகன்னு சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? கூப்பிடத்தான் இருக்கு" என்றார். டிரம்பெட்டை எடுத்துத் துடைத்தார். பொத்தான்களை அழுத்திப் பார்த்தவர், "இத்தன வருசமா ஒருத்தரும் எண்ணெய் போடலயே" என்று என்னைத் திட்டினார். யார் போட வேண்டியது என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. ஜீப்பில் ஏறும்போது பின்னாலேயே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, என்ன கலரு அடிக்கா?"

எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மூணாறுத் தபாலாபீஸில் அதே குமாஸ்தாதான் இருந்தார். டைமண்ட் கிடைத்ததா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நான் தந்தி ஃபாரம் கேட்டு வாங்கி, ரோஸி டீச்சரின் விலாசத்தை எழுதி, கீழே இவ்வளவுதான் எழுதினேன்: 'படத்தை மாட்டு. என்ன கலர் என்று கேட்கிறார்.'